பின் சீட்டில் ஒரு சத்தம்

எந்தக் கதவை மூடினாலும் அது மூடிய சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் டிரைவர் அடுத்த அடி எடுத்து வைப்பார். வாசல் கதவு, பீரோ, குளியலறையின் தகரக் கதவு, ஆஸ்பத்திரி லிஃப்ட், எதுவானாலும் சரி. மூடுவார், தலையை லேசாகச் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அந்த உதடு பிதுங்காமல் தப்பித்த கதவு ஒன்றையும் அவருடைய மகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

"கதவுன்னா மூடும்போது தொப்னு ஒரு சத்தம். அதோட சரி," என்பார். "கனமான புஸ்தகத்த மூடின மாதிரி. இதெல்லாம் கதவா? தட்டு விழற சத்தம்."

அவர் மெச்சிக்கொள்ளும் கதவு பெயின்ட் மொத்த வியாபாரம் செய்யும் பெரியவரின் காரில் இருந்தது. கறுப்பு நிறம், நீள உடம்பு, முன்னால் வெள்ளிக் கம்பிகள். வாங்கிய புதிதில் அந்த மாதிரி வண்டி ஊரில் ஒன்றோ இரண்டோதான். அதை ஓட்டுகிறோம் என்பதால் உலகத்தில் மீதி இருக்கும் எல்லாவற்றையும் மட்டம் தட்டும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக டிரைவர் நினைத்தார். வீட்டு ஃபேன் கிறீச்சிட்டால், "நம்ம வண்டில ஏசி ஓடறதே தெரியாது" என்பார். விருந்துக்குப் போன வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, அதைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "ரெக்ஸினா?" என்று வீட்டுக்காரரையே கேட்பார்.

"நம்ம வண்டியாம்," என்பாள் அவர் மனைவி. "புக்குல உங்க பேரா போட்டிருக்கு? அதையே கட்டிக்கிட்டிருந்தா எனக்கும் நிம்மதியா போயிருக்கும்."

"உன்ன மாதிரி அது வாய் பேசாது."

"பேசாதுதான். சமைச்சும் போடாது."

தெருவில் அவருக்கு வைத்த பேர் "கதவு". "கதவு வேலைக்குக் கிளம்பிருச்சு", "கதவு இன்னிக்குக் கோவமா இருக்கு" என்று பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. அவர் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

நிஜப் பட்டம் வாங்கியவள் மகள்தான். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. வேலைதான் கிடைத்தபாடில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போவதும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவதுமாக இருந்தாள். கல்லூரியில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "போக்குவரத்துத் துறை" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். கார் ஓட்டுவது அவளுக்குக் கேவலமாகத் தோன்றியதில்லை. இன்னொருவருடைய காரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இத்தனை பெருமை அடிப்பதுதான் கேவலமாகத் தோன்றியது. சில சமயம், இது நிஜமா, இல்லை கார் ஓட்டுவதைப் பற்றிய வெட்கத்துக்குத் தான் போட்டுக்கொள்ளும் நாகரிகமான சட்டையா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் வரும் முன்பே பேச்சை மாற்றிவிடுவாள். தன்னோடு பேசும்போதுகூட.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், அதே கம்பெனி அதே பேரில் புது மாடல் கொண்டுவந்தது. பெரியவரின் மகன், எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்ததும் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பாருங்கள் என்று ஷோரூமிலிருந்து ஒரு வண்டியை அனுப்பி வைத்தார்கள்.

முதல் நாள் அதை ஓட்டிவிட்டு வந்த சாயங்காலம் டிரைவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கைப்பிடி எங்கன்னே தெரியல. கதவோட கதவா ஒட்டிக் கெடக்கு. கிட்டப் போனா வெளிய வருதாம். வரல. நானும் முன்ன போறேன், பின்ன வர்றேன், டான்ஸ் ஆடற மாதிரி. வாட்ச்மேன் பாத்துச் சிரிக்கறான்."

அவர் மைத்துனன், அதாவது மகளுக்கு மாமா, அப்போது வீட்டில் இருந்தான். மெக்கானிக். அத்தானின் வாயைக் கிளறுவதில் அவனுக்குத் தனி ருசி. "உங்கள யாருன்னு கேட்டிருக்கும் அத்தான். கதவுக்கே கதவு தொறக்கணுமான்னு யோசிச்சிருக்கும்," என்றான்.

"சிரி. உள்ள போனா ஒரு பட்டன் கெடையாது மச்சான். ஒண்ணே ஒண்ணு கெடையாது. டிவி மாதிரி ஒரு கண்ணாடி. காத்து வேணுமா, அதத் தொடு. அதுல எலை படம் வரும், அதத் தொடு. அப்புறம் விசிறி படம், அதத் தொடு. அதுக்குள்ள முன்னாடி போற லாரிக்குள்ள பூந்துருவோம். பழசுல கை தானா போகும். கண்ணு ரோட்லயே இருக்கும்."

"லைட் நல்லாயிருக்காமே?" என்றாள் மனைவி.

"லைட்டா? துணிக்கடை பொம்மைக்குப் போடற லைட்டு. கதவோரமா ஊதா, கால்கிட்ட நீலம். எதுக்கு? கால்ல என்ன தேடப்போறோம்? அப்புறம் ஒரு கேமரா, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் கண்ணு சிமிட்டினா டிங் டிங்னு, ஓய்வு எடுக்கவும்னு சொல்லுது. நான் ஓய்வு எடுக்கணுமான்னு சொல்ல இது யாரு? எங்கப்பனா?"

"இஞ்சின் எப்படி அத்தான்?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். சாவு வீட்டில் பேசுவதுபோல. "இஞ்சின் சத்தம் ஸ்பீக்கர்லேந்து வருது மச்சான். பொய்ச் சத்தம். நெஜ சத்தத்த அடக்கிட்டு, பொய்ச் சத்தத்த உள்ள விடறான். இப்படி ஒரு பொழப்பு."

மகள் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் பாதி நியாயமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். நியாயமான விஷயத்தைக்கூட அவரால் தலையில் கிரீடம் வைத்துக்கொள்ளாமல் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்து அவர் வேறு முகத்தோடு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சின்னவர் சொல்லிட்டாரு. புதுசு வந்தா அவரே ஓட்டிக்குவாராம். அது பாதி தானாவே ஓடுமாம். அப்பாவ அவரே ஏத்திக்கிட்டுப் போய்க்குவாராம்."

"உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"குடோன் கேட்ல ஆள் வேணுமாம்."

குடோன் கேட் எல்லாருக்கும் தெரியும். கூண்டு மாதிரி ஒரு தகர அறை, ஒரு ஸ்டூல், லாரி வந்தால் கம்பியைத் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும். பெரியவரின் பின்கதவைத் திறந்து விட்ட கையால் லாரிக்குக் கம்பி தூக்குவது. தெருவில் என்ன பேர் வைப்பார்கள் என்பது மூன்று பேர் மனதிலும் ஒரே நேரத்தில் ஓடியது.

"பெரியவர் என்ன சொன்னாரு?" என்றாள் மகள்.

அதைக் கேட்டதும் அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "அவரு என்னத்தான் கேட்டாரு. 'ரெண்டையும் ஓட்டறவன் நீதான். எது நல்லதுன்னு ஞாயித்துக்கிழமை வந்து நீயே சொல்லு. நீ சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணுவேன்'னு மகன் முன்னாடியே சொல்லிட்டாரு." உச்சி குளிர்ந்ததை மறைக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு மகளைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. எனக்கு நல்ல வார்த்தையா நாலு எடுத்துக் குடு. நான் பேசினா கோவத்துல பேசிருவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவளிடம் ஒன்று கேட்கிறார். அவளுடைய படிப்புக்கும் முதல் தடவையாக ஒரு வேலை வந்திருக்கிறது. அவள் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஸ்டியரிங் எப்படி, பிரேக் எப்படி, திருப்பத்தில் எப்படி. அவர் கொட்டித் தீர்த்தார், அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்தபிறகு அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சரிப்பா, பின்னாடி உக்காந்தா எப்படி இருக்கும்?"

"எதுல?"

"ரெண்டுலயும்."

"நான் எதுக்குப் பின்னாடி உக்காரப்போறேன்?"

"பெரியவர் அங்கதான உக்கார்றாரு? அவருக்குத்தான வண்டி?"

அவர் அவளை, பாஷை தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பின் சீட்டைத் துடைத்திருக்கிறார், தூசி தட்டியிருக்கிறார், கோடையில் முன்கூட்டியே குளிரவைத்திருக்கிறார். உட்கார்ந்ததில்லை. உட்காரலாம் என்று தோன்றியதுகூட இல்லை. "டிரைவர் பின்னாடி உக்காந்தா வண்டிய யார் ஓட்றது?" என்றார். தான் பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாகச் சிரித்தார்.

"அவருக்கு ஏதாவது குறை இருந்தா?"

"குறையா? தூங்கிருவாரு. இல்லன்னா ஏதோ சத்தம் கேக்குதும்பாரு. பாவம், வயசாயிருச்சு."

"என்ன சத்தம்?"

"கடக் கடக்னு ஏதோ பின்னாடி சத்தம் கேக்குதாம். பல நாளா சொல்லிக்கிட்டுதான் இருக்காரு. 'ரோடு அப்படிங்கய்யா'ன்னு சொல்லிருவேன். நம்ம வண்டில சத்தமா? எனக்குக் கேக்காதது அவருக்குக் கேக்குமா? கடைசியில காது டாக்டர்கிட்டயே போய்ட்டாருன்னா பாத்துக்க. டாக்டர் ஒரு சொட்டு மருந்து குடுத்திருக்காரு. தெனம் விட்டுக்கறாரு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மனுஷனுக்கு வயசானா இல்லாததெல்லாம் கேக்கும்."

மறுநாள் பெரியவர் குடும்பத்தோடு ரயிலில் வெளியூர் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழசுக்குப் பிரேக் பார்க்க மாமா வந்திருந்தான். மகளும் கூடப் போனாள். பேசப்போகும் பொருளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

பிரேக் வேலை முடிந்ததும் மாமா, "ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன் அத்தான். பிரேக் புடிக்குதான்னு பாக்கணும்," என்றான்.

"நீ தனியாவா? இந்த வண்டியவா?"

"அப்ப நீங்களும் வாங்க."

முன்னால் மாமாவின் இரும்புப் பெட்டியும் கிரீஸ் டப்பாவும் இருந்தன. மகள் ஏற்கெனவே பின்னால் ஏறி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது பெரியவரின் இடம். டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, அதன் மேல் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொள்கிற மாதிரி விளிம்பில் உட்கார்ந்தார்.

வண்டி தெருமுனையைத் தாண்டியது. வேகத்தடையில் ஏறி இறங்கியது.

கடக்.

அவர் அசையவில்லை. அடுத்து ஒரு சின்னப் பள்ளம். கடக் கடக். சத்தம் அவருடைய இடுப்புக்குக் கீழே, வலது பக்கத்திலிருந்து வந்தது. காதில் கேட்பதற்கு முன்பே எலும்பில் கேட்டது. விளிம்பிலிருந்து அவர் உள்ளே சரிந்தார். சீட்டு அந்த இடத்தில் குழிந்து போயிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். பெரியவருக்கு இடுப்பில் பழைய அடி ஒன்று உண்டு. எந்தப் பக்கம் என்று டிரைவருக்கு நன்றாகத் தெரியும். இறங்கும்போது கை கொடுப்பது அவர்தானே.

"மாமா, அது என்ன சத்தம்?" என்றாள் மகள்.

மாமா ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "பின்பக்கம் ரப்பர் புஷ் போயிருக்கு. அதான் இரும்பும் இரும்பும் இடிக்குது. போயிருக்குன்னா இன்னிக்கு நேத்து இல்ல, தூளாவே கொட்டிப்போச்சு. சின்ன வேலை அத்தான், அரை மணி நேரம். ஏன் இத்தன நாள் சொல்லவே இல்ல?"

டிரைவர் குழிந்த சீட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "முன்னாடி கேக்கலியே," என்றார்.

"எப்படிக் கேக்கும்? முன்னாடி நீங்க ராஜா மாதிரி வச்சிருக்கீங்க."

அது உண்மை. முன்னால் எது கொஞ்சம் முணுமுணுத்தாலும் உடனே மாமாவைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்வார். ஓட்டுகிறவர் சீட்டை இரண்டு தடவை புதுப்பித்திருந்தார். வண்டி தங்கம் என்று அவர் ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. அவர் உட்கார்ந்திருந்த பாதி தங்கம்தான்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மகள் புது வண்டியைக் காட்டினாள். "அதுலயும் உக்காந்து பாத்துருங்க. நாளைக்குக் கேட்டா சொல்லணும்ல."

அவளுடைய குரலில் ஒரு குத்தல் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் கேட்டுச் சகித்த பெருமைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுப்பதாக இருந்தது. அவர் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். மாமா ஒரு சுற்று ஓட்டிக்காட்டினான். அதே வேகத்தடை, அதே பள்ளம். சீட்டு அவருடைய முதுகைக் கேட்டுக் கேட்டு வளைந்தது. இடுப்புக்குச் சூடு கொடுத்தது. கால் நீட்டினால் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. கால்மாட்டில் நீலவிளக்கு எரிந்தது. அதைக்கூட அவர் திட்டவில்லை.

இறங்கியபிறகு மாமா, "என்ன அத்தான், சும்மா சொல்லக் கூடாது இல்ல?" என்றான்.

"தூங்கறவனுக்குன்னே பண்ணின வண்டி," என்றார் டிரைவர். ஏளனமாகச் சொல்லத்தான் நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

பழைய வண்டியின் புஷ்ஷை மாமா அன்றைக்கே மாற்றிவிட்டான். குழிந்த சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் கேட்டாள்: "பெரியவர்கிட்ட என்னப்பா சொல்லப்போறீங்க?"

"நீ எழுதிக் குடுத்ததத்தான்."

"அதுல பின் சீட்டு இல்ல."

"இல்லன்னா இல்லாமயே இருக்கட்டும்."

"அவரு பாவம்ப்பா. காதுல மருந்து விட்டுக்கிட்டிருக்காரு."

"அப்ப நான் போய்க் கேட்ல நிக்கறேன். உனக்குச் சந்தோஷமா?"

சந்தோஷமா என்று அவள் யோசித்தாள். யோசித்துப் பார்த்ததில் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவருடைய பெருமையைப் பார்த்து இத்தனை வருஷம் முகம் சுளித்தவள், அவர் தகரக் கூண்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதை ஒரு நொடி மனதில் பார்த்ததும் அப்படியே மடங்கிவிட்டாள். நியாயம் என்று நாளெல்லாம் பேசுவாள். அது தன் வீட்டு வாசலுக்கு வந்தால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வாள் போலிருக்கிறது. "உங்க இஷ்டம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். வார்த்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க. பெரியவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் பெயின்ட் நிறங்களின் அட்டை. மேஜையில் ஒரு சின்ன சொட்டு மருந்துப் புட்டி. சின்னவர் ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் பேசினார். நன்றாகவே பேசினார். மகள் கொடுத்த வார்த்தைகள் அவர் வாயில் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக நின்றன. "ஐயா, பழசு ஓட்டறவன நம்புது. புதுசு ஓட்டறவனச் சந்தேகப்படுது. பழசுல நெஜம் இருக்கு. புதுசுல சத்தம்கூடப் பொய்யி. மினுமினுப்பு ஏறியிருக்கு, மரியாதை எறங்கியிருக்கு."

சின்னவர் சிரித்தார். "அண்ணே, கவிதை படிக்கறீங்களா, வண்டியப் பத்திச் சொல்றீங்களா?"

பெரியவர் கையைக் காட்டி அவரை அடக்கினார். "ஓட்டறவனுக்குச் சரிப்பா. நான் ஓட்டப்போறதில்லையே. பின்னாடி உக்கார்றவனுக்கு எது நல்லது? நீ உக்காந்து பாத்தியா?"

உட்காரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது சில நாள் முன்புவரை உண்மை. அதோடு தப்பித்துக்கொண்டிருக்கலாம். மகள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுலயும் உக்காந்து பாத்தேங்கய்யா," என்றார் டிரைவர். "பழசுதான்."

"அந்தச் சத்தம்?"

"சத்தம் எதுவும் இல்லைங்கய்யா."

பெரியவர் மெல்லத் தலையாட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. கொஞ்சம் வெட்கம்தான் இருந்தது. வேறு யாருக்கும் கேட்காத சத்தத்தைப் பற்றி இத்தனை நாள் புலம்பியிருக்கிறோமே என்ற வெட்கம். "அப்ப என் காதுதான் போல," என்றார். மகனைப் பார்த்து, "உனக்கு வேணும்னா வாங்கிக்க. எனக்கு இதுவே போதும். இவன் இருக்கான்," என்றார்.

மகள் கொண்டுபோன வார்த்தைகளில் எதுவும் குறையவில்லை. மறந்து போகவும் இல்லை. அவள் வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடம் பெரியவர் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்ட இடம்தான். அவளும் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பெரியவர் பழைய வண்டியில் கடைக்குப் போனார். வேகத்தடை வந்தது, போனது. பள்ளம் வந்தது, போனது. பாதி வழியில் அவர் முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.

"என்னப்பா, சத்தமே கேக்கல இன்னிக்கு."

டிரைவர் கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தார். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். புஷ் போயிருந்ததுங்கய்யா, மாத்திட்டேன் என்று ஒரு வரி.

அதற்குள் பெரியவரே சொல்லிவிட்டார்: "மருந்து வேலை செய்யுது. அந்த டாக்டர் கெட்டிக்காரர்தான்."

"ஆமாங்கய்யா," என்றார் டிரைவர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், நான் செஞ்ச வேலைக்குப் பேரு டாக்டருக்கா? என் ரப்பர் புஷ்ஷ காதுல விட்டுக்கறாருன்னு சொல்லுங்க." மனைவிகூடச் சிரித்தாள். டிரைவர் சிரிக்கவில்லை.

பெரியவர் ஊரில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த மருந்தைச் சிபாரிசு செய்தார். விடாமல் விட்டுக்கொண்டார். நிறுத்தினால் சத்தம் திரும்பிவிடும் என்று பயந்தார். டிரைவர் பழையபடி வண்டியைத் துடைத்தார், ஓட்டினார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. யாராவது புது மாடலைப் பற்றிக் கேட்டால், "அது இருக்கட்டும்" என்று நகர்ந்துவிடுவார். ஊரை மட்டம் தட்டிக்கொண்டிருந்த வாய்க்கு என்ன ஆச்சு என்று தெருவில் ஆச்சரியப்பட்டார்கள்.

மகளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போனில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கும் வேலை. எந்தத் தப்பையும் நாமாக ஒத்துக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். கூட உட்கார்ந்தவர்கள் பழகச் சிரமப்பட்டார்கள். அவளுக்குச் சட்டென்று வந்தது.

சில வருஷத்தில் பெரியவர் வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். இடுப்பு விடவில்லை. மாடி அறையில் கட்டிலோடு கட்டிலாக ஆனார். பழைய வண்டியைச் சின்னவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். டிரைவரைக் கேட்டுக்கு அனுப்பவில்லை, பெரியவர் விடவில்லை. வீட்டோடு இரு என்று சம்பளம் போட்டு அனுப்பிவிட்டார். எதற்கு அந்தப் பொய் சொன்னாரோ அதுவே இல்லாமல் போனபிறகும் பொய் மட்டும் அப்படியே இருந்தது. கேட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற சாக்கும் இப்போது இல்லை.

வாரம் ஒருநாள் அவர் பெரியவரைப் பார்க்கப் போகிறார். ஒருநாள் மகளும் கூடப் போயிருந்தாள். பெரியவருக்குக் கை நடுங்குகிறது, புட்டியைப் பிடிக்க முடிவதில்லை. நர்ஸ் விட்டால் அவருக்குத் திருப்தி இல்லையாம். "நீ விடுப்பா," என்று டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவருடைய தலையை மெதுவாகச் சாய்த்து, காதுமடலை இழுத்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டார். பஞ்சை வைத்தார். அந்தக் காதில் ஒரு குறையும் இருந்ததில்லை. உலகத்திலேயே அந்த வண்டியைப் பற்றிச் சரியாகச் சொன்ன ஒரே காது அது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "இன்னுமா சொல்லல?"

"சொல்லலாம்," என்றார். நாலடி நடந்தார். "இப்பப் போய்ச் சொன்னா, அந்த டாக்டர் மேல இருக்கற நம்பிக்கை போயிரும். பாவம்."

"யாரு பாவம்?"

அவர் வேகமாக முன்னால் நடந்தார். அதற்கப்புறமும் பல வாரம் போய்விட்டு வந்துவிட்டார். மருந்து மட்டும் விடுகிறார். அந்தக் காதுக்குச் சொல்லவேண்டிய ஒரு வரி அவரிடமே இருக்கிறது.